தம்பு அறுக்கும் ஊரில்

முதல் நாள், சனி

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. பாப்புவா நியூ கினிக்கு வந்து பதினோரு மாதம் ஆகிறது. ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் "நல்லா இருக்கேன், எரிமலை தூங்குது, சாப்பாடு பரவாயில்லை" என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன், அதற்குள் சிக்னலும் போய்விடும். இந்த விடுமுறையிலாவது நாள்தோறும் நடப்பதைக் கொஞ்சம் எழுதிப் போடுவதாகத் தோழிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நான் இருப்பது நியூ பிரிட்டன் தீவின் கிழக்கு முனையில், கொக்கோப்போ என்கிற கடலோரச் சிற்றூரில். ஜெர்மானியர் ஆண்டபோது இதற்கு ஹெர்பர்ட்ஸ்ஹோஹே என்று பெயர், 1910 வரை அவர்களுடைய தலைநகரம் இதுதான். இங்கே ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். சுற்றியுள்ள மக்கள் தோலாய் இனத்தவர், அவர்கள் மொழி குவானுவா. நாட்டில் 800க்கு மேல் மொழிகள் இருப்பதால் ஊர் விட்டு ஊர் பேச எல்லோருக்கும் டோக் பிசின்தான். அதையும் இப்போது ஓரளவு பேசுகிறேன், கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும்.

சனிக்கிழமை என்றால் சந்தை. காலை ஆறு மணிக்கே கிராமங்களிலிருந்து லாரியிலும் வேனிலும் பெண்கள் வந்து இறங்கிவிடுகிறார்கள். வேனுக்கு இங்கே பெயர் பி.எம்.வி. சர்க்கரைவள்ளி, சேம்பு, வாழைத்தார், பப்பாளி, வேர்க்கடலை, தென்னை ஓலையில் பொதிந்த சுட்ட மீன், கட்டுக்கட்டாகக் கீரை. ஆவுப்பா என்று ஒரு கீரை விற்கிறார்கள், அது நம் முளைக்கீரையேதான். முதல் முறை அதைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது, நாலு கட்டு வாங்கி வந்து மூன்று நாள் அதையே கடைந்து சாப்பிட்டேன்.

இங்கே பேரம் கிடையாது. கூறு கட்டி வைத்திருப்பார்கள், பக்கத்தில் அட்டைத் துண்டில் விலை இருக்கும், கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். வந்த புதிதில் நான் பழக்கதோஷத்தில் குறைத்துக் கேட்டுவிட்டேன். அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டார், என்னோடு வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டு போய்விட்டார். தோட்டத்தில் தானே கொத்தி நட்டதைத் தலையில் சுமந்து வந்தவரிடம் விலையைக் குறைக்கச் சொல்வது அவரையே குறைத்துப் பேசுவது போல என்று பிறகு சொன்னார். கொசுறு மட்டும் உண்டு, கேட்டால் கிடைக்காது, அவர்களாகப் பையில் போட்டால்தான்.

சந்தையின் ஒரு பக்கம் முழுக்கப் பாக்கு. புவாய் என்கிறார்கள். பச்சைப் பாக்கின் மட்டையைப் பல்லாலேயே உரித்துப் பருப்பை வாயில் போட்டு மெல்லுகிறார்கள், அப்புறம் டாக்கா என்கிற நீளமான பச்சைக் கதிரைச் சுண்ணாம்புத் தூளில் தொட்டுக் கடிக்கிறார்கள். அந்தக் கதிர் வேறொன்றும் இல்லை, வெற்றிலைக் கொடியின் காய். இலையை விட்டுவிட்டுக் காயைத் தின்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சுண்ணாம்பு பவளப்பாறையைச் சுட்டு எடுப்பது. எங்கள் ஆச்சியின் வெற்றிலைப் பெட்டி ஞாபகம் வராமல் ஒரு நாளும் அந்த வரிசையைக் கடந்ததில்லை. ஆனால் மனசு கஷ்டப்படுகிற விஷயமும் இதில் இருக்கிறது. வாய்ப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகம் உள்ள நாடுகளில் இது ஒன்று, என் வகுப்புப் பிள்ளைகளிலேயே பாதிப் பேருக்குப் பல் சிவந்திருக்கிறது. சொல்லிப் பார்க்கிறேன், சிரிக்கிறார்கள்.

"இந்தியாவா, எந்த இடம்?" என்று கேட்பவர்களிடம் தமிழ்நாடு என்று சொன்னால் சிலருக்கு உடனே முகம் மலர்ந்துவிடும். பக்கத்து மாகாணமான மேற்கு நியூ பிரிட்டனுக்கு 2012இல் கவர்னரானவர் சசீந்திரன் முத்துவேல், சிவகாசிக்காரர், வேலைக்கு வந்து இங்கேயே குடிமகனாகி தேர்தலில் நின்று வென்றவர். அவருக்குச் சொந்தமா என்று கேட்பார்கள். இல்லை என்றால் நம்புவதில்லை, ஒரே மொழி பேசினால் வன்டோக், வன்டோக் என்றால் சொந்தம்தான் இங்கே.

இரண்டாம் நாள், ஞாயிறு

காலையில் பக்கத்து வீட்டாரோடு கோயிலுக்குப் போனேன். அவர்கள் கத்தோலிக்கர்கள், ரக்குனாய் பக்கத்துச் சொந்தங்கள் உண்டு. அந்த ஊர்க்காரர்தான் பீட்டர் தோ ரோட், வேதபாடம் சொல்லிக்கொடுத்தவர். இரண்டாம் உலகப் போரில் இந்தத் தீவைப் பிடித்திருந்த ஜப்பானியர் வழிபாட்டைத் தடை செய்த பிறகும் விடாமல் நடத்தி, 1945 ஜூலையில் சிறைக்குள் கொல்லப்பட்டார். 2025 அக்டோபரில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள், இந்த நாட்டின் முதல் புனிதர். அவர் படம் இல்லாத வீடு இந்தப் பக்கம் குறைவு.

பெண்கள் எல்லோரும் மேரி ப்ளவுஸ் என்கிற தளர்வான பூப்போட்ட மேல்சட்டை போட்டிருப்பார்கள், என்னிடமும் மூன்று இருக்கிறது. புடவை கட்டிய அன்று எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், இந்தச் சட்டை போட்ட அன்றுதான் பக்கத்தில் உட்கார இடம் விட்டார்கள்.

சாப்பாடு முடிந்து பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் போய் உட்கார்ந்தேன். புபு என்று கூப்பிடுவோம். பாட்டி பேரனைக் கூப்பிடுவதும் புபுதான், பேரன் பாட்டியைக் கூப்பிடுவதும் புபுதான், ஆகையால் அவரும் என்னை புபு என்பார். கண் சரியாகத் தெரியாது, விரல் மட்டும் ஓயாது. மடியில் ஒரு தட்டு நிறையச் சின்னஞ்சிறு கடல்நத்தை ஓடுகள், பாசிப்பயறைவிடக் கொஞ்சம் பெரிசு. ஓட்டின் முதுகை உடைத்துத் துளையாக்கி, பிளந்த பிரம்பு நாரில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்ப்பார்.

இதுதான் தம்பு. தோலாய் மக்களின் சிப்பிப் பணம். எழுதும்போது தபு, சொல்லும்போது தம்பு. இரண்டு கையையும் விரித்தால் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை ஒரு போக்கோனோ, நம்மூர்க் கடற்கரையில் ஒரு பாகம் என்பார்களே அதே அளவு. ஒரு பாகத்தில் சில நூறு சிப்பி இருக்கும். இந்தச் சிப்பி இந்தக் கடலில் கிடைப்பதில்லை. அந்தக் காலத்தில் படகு கட்டிக்கொண்டு மேற்கே நாக்கனாய் கரைக்குப் போய் எடுத்து வருவார்களாம், மாதக்கணக்கில் ஆகுமாம், போனவர் எல்லோரும் திரும்பி வந்ததும் இல்லையாம்.

நாட்டின் பணமான கினாவும் அதன் சில்லறையான தோயாவும்கூடச் சிப்பிகளின் பெயர்கள்தான், 1975இல் வந்த நோட்டுகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். ஆனால் மற்ற பல இடங்களில் சிப்பிப் பணம் நினைவுப்பொருளாகிவிட்டது, இங்கே இன்னும் நடமாடுகிறது. சந்தையில் சிறு துண்டு கொடுத்துப் பாக்கு வாங்கலாம், பெண் கேட்கப் போகும்போது இது இல்லாமல் முடியாது, பஞ்சாயத்தில் அபராதம் இதில் கட்டலாம், உள்ளூர் வரியைக்கூட இதில் வாங்கிக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன.

புபுவின் வீட்டில் பரணில் ஒரு பெரிய வளையம் இருக்கிறது. லோலோய் என்று பெயர். நூறு பாகம், இருநூறு பாகம் என்று தம்புவைச் சுருட்டி, வண்டிச் சக்கரம் மாதிரி கட்டி, மேலே இலை சுற்றி வைத்திருப்பார்கள். அது புபு வாழ்நாள் எல்லாம் சேர்த்தது. எதற்கு என்று முதலில் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். "நான் செத்த அன்றைக்கு அறுக்க" என்றார், ரேஷன் வாங்கப் போகிறேன் என்று சொல்வதுபோல.

இன்றைக்கு எனக்கும் கோர்க்கச் சொல்லிக்கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் ஒரு சாண்கூட வரவில்லை. விரல் நுனி எல்லாம் கீறிவிட்டது. அதை எடுத்து விரலால் தடவிப் பார்த்து, "லிக்லிக், லிக்லிக்" என்றார், கொஞ்சம் கொஞ்சமாக.

மூன்றாம் நாள், திங்கள்

ரபால் போய் வந்தேன். பி.எம்.வி.யில் கடலோரமாகவே முக்கால் மணி நேரம். வழியில் குன்றைக் குடைந்து ஜப்பானியர் படகுகளை ஒளித்து வைத்த சுரங்கம் இன்னும் இருக்கிறது. துருப்பிடித்த படகுகள் உள்ளேயே கிடக்கின்றன.

ரபால் துறைமுகமே ஒரு எரிமலையின் வாய். சுமார் 1400 ஆண்டுகளுக்கு முன் வெடித்துக் குழியாகி, ஒரு பக்கம் உடைந்து கடல் உள்ளே புகுந்திருக்கிறது, அதனால்தான் அவ்வளவு அழகான வட்டத் துறைமுகம். கிழக்கே தாவுர்வுர், மேற்கே வல்கன், இரண்டு எரிமலை எதிரெதிரே. 1937இல் வல்கன் வெடித்து ஐந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கப்புறம்தான் மேலே குன்றில் ஆய்வு நிலையம் வந்தது. 1994 செப்டம்பர் 19 அன்று இரண்டும் ஒரே காலையில் வெடித்தன. நகரமே சாம்பலில் புதைந்தது. ஆனால் இறந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான்.

ஏன் என்று பக்கத்து வீட்டு சிஸ்டா, புபுவின் மகள், சொல்லக் கேட்டிருக்கிறேன், அப்போது அவருக்கு ஒன்பது வயது. சுதந்திர நாள் கொண்டாட்டம் முடிந்து இரண்டாம் நாள் விடியற்காலையில் குரியா தொடங்கியதாம். குரியா என்றால் நிலநடுக்கம். நாள் முழுக்க நிற்கவில்லை. 1937 பார்த்த கிழவர்கள் இருந்தார்கள், அவர்கள் சொன்னார்கள், கிளம்பு என்று. அறிவிப்புக்குக் காத்திராமல் அன்று இரவே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் நடந்தே வெளியேறினார்கள். புபு எடுத்துக்கொண்டது மூன்று: சிஸ்டாவின் தம்பி, ஒரு பானை, அந்த லோலோய். பாதி வழியில் கனம் தாங்காமல் பானையைப் போட்டுவிட்டாராம்.

இன்றைக்குப் பழைய கடைவீதியான மேங்கோ அவென்யூவில் நின்று பார்த்தால் அங்கே ஒரு நகரம் இருந்தது என்று சொன்னால்தான் தெரியும். கறுப்புச் சாம்பல், நடுவே புல், எங்கோ ஒரு படிக்கட்டு தனியாக. மாகாணத் தலைநகரைக் கொக்கோப்போவுக்கு மாற்றிவிட்டார்கள், விமான நிலையமும் தொக்குவாவுக்குப் போய்விட்டது. 2014 ஆகஸ்டில் தாவுர்வுர் மறுபடி பெரிதாகக் கக்கியது, அதற்கப்புறம் அடங்கியிருக்கிறது.

தாவுர்வுரின் அடிவாரத்தில் வெந்நீர் கடலில் கலக்கிறது. அங்கேயே மாத்துபிட் ஊர்க்காரர்கள் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள், ஆள் உயரக் குழி, தலைகூடத் தெரியவில்லை. ஒரு காட்டுக்கோழி தன் முட்டையை அடைகாக்காமல் எரிமலையின் சூட்டு மணலில் புதைத்துவிட்டுப் போய்விடுமாம். அதைத்தான் தோண்டி எடுக்கிறார்கள். கோழி முட்டையைப் போல இரண்டு மடங்கு. எட்டு முட்டை வாங்கினேன், நாலு புபுவுக்கு.

முட்டைக்கு டோக் பிசினில் கியாவ். இது குவானுவாச் சொல். டோக் பிசின் ஊன்றி வளர்ந்த இடங்களில் இதுவும் ஒன்று என்பதால் நாடு முழுக்கப் பேசும் எத்தனையோ சொல் இவர்களிடமிருந்து போனதுதான். லாப்புன் என்றால் முதியவர். குலாவ், இளநீர். பாலுஸ் என்றால் இந்தப் பக்கத்து மொழிகளில் புறா, அது டோக் பிசினுக்குப் போய் விமானமாகிவிட்டது. இந்தச் சொல்லைத் தெரிந்துகொண்ட நாள் முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நான்காம் நாள், செவ்வாய்

மழை. நாள் முழுக்க மழை. கரண்டும் இல்லை. கூரைத் தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தம் மட்டும். இங்கே மண் எல்லாம் எரிமலை நுரைக்கல், தண்ணீர் நிற்காது, அதனால் மழைத் தொட்டிதான் குடிநீர். தொட்டி நிறைந்தால் தெருவுக்கே நிம்மதி. முட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், புபு படுத்திருந்தார், சளி. கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

ஐந்தாம் நாள், புதன்

விடியற்காலை நாலு மணிக்கு அழுகைச் சத்தம் கேட்டது. ஒரு குரல், அப்புறம் இன்னொன்று, அப்புறம் தெருவே. யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

புபு போய்விட்டார்.

இதற்குமேல் இன்று எழுத வரவில்லை.

ஆறாம் நாள், வியாழன்

நேற்றும் இன்றும் இழவு வீட்டில்தான் இருக்கிறேன். ஹவுஸ் க்ராய் என்கிறார்கள், அழும் வீடு. வாசலில் தார்ப்பாய் கட்டி, தரையில் ஓலைப்பாய் விரித்து, வருகிறவர்கள் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்குகிறார்கள். வெறுங்கையோடு யாரும் வருவதில்லை. அரிசி மூட்டை, சர்க்கரை, டீத்தூள், டின் மீன், விறகுக் கட்டு, வாழைத்தார். நான் பத்து கிலோ அரிசியும் சர்க்கரையும் கொண்டுபோனேன். ஒருவர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார், நம்மூரில் மொய் எழுதுவதுபோல. எங்கள் பக்கம் இழவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது, சொந்தக்காரர் வீட்டிலிருந்துதான் சாப்பாடு வரும். இங்கே நேர்மாறு, அந்த வீட்டு அடுப்பு இரவும் பகலும் அணைவதே இல்லை.

பெண்கள் பக்கம் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன், தேங்காய் துருவினேன். சூடேற்றிய கல்லை வாழை இலைக்குள் வைத்து, கீரையும் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் ஊற்றி மூடிக் கட்டுகிறார்கள், கல்லின் சூட்டிலேயே வெந்துவிடுகிறது. ஐகிர் என்று பெயர். எழுந்து போகும்போது தெரியாமல் ஒரு சாப்பாட்டுக் கூடையைத் தாண்டப் பார்த்தேன், ஒரு கிழவி சட்டென்று என் பாவாடையைப் பிடித்து நிறுத்திவிட்டார். பெண்கள் உணவைத் தாண்டக் கூடாது, உட்கார்ந்திருக்கும் ஆளைத் தாண்டக் கூடாது. படுத்திருக்கும் பிள்ளையைத் தாண்டினால் ஆச்சி போடும் சத்தம் காதில் கேட்டது. சுற்றிக்கொண்டு போனேன், கிழவி தலையாட்டினார்.

இந்த வீட்டில் எல்லாவற்றையும் முடிவு செய்கிறவர் புபுவின் மகன் இல்லை, புபுவின் தம்பி, அதாவது சிஸ்டாவின் தாய்மாமன். தோலாய் மக்களுக்கு நிலமும் குலமும் தாய்வழி. வுனாதாராய் என்பது குலம். அதற்கு மேலே எல்லோரும் இரண்டு பெரும் பிரிவு, மர்மர், பிக்கலாபா. ஒரே பிரிவுக்குள் கல்யாணம் கிடையாது. அப்பாவுடைய நிலம் அப்பாவின் சகோதரி பிள்ளைகளுக்குப் போகும். இவ்வளவு நாள் இதைப் பாடமாகத் தெரிந்து வைத்திருந்தேன், இன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். எழுபது வயதுக்காரர், பரணிலிருந்து அந்த லோலோயைத் தானே இறக்கி, மேலே சுற்றிய காய்ந்த இலையைப் பிரித்து, சவத்தின் பக்கத்தில் சாய்த்து வைத்தார். பெண்களின் அழுகை ஒரு சுருதி ஏறியது.

ராத்திரி பாட்டு. வேதப் பாட்டும் குவானுவாப் பாட்டும் மாறி மாறி. தூங்கவில்லை.

ஏழாம் நாள், வெள்ளி

இன்று அடக்கம்.

பாதிரியார் ஜெபம் முடிந்து, குழிக்கு எடுத்துப்போவதற்கு முன் எல்லோரையும் தரையில் வரிசையாக உட்கார வைத்தார்கள். முந்நூறு பேராவது இருக்கும். தாய்மாமனும் குலத்து ஆண்கள் நாலைந்து பேரும் லோலோயின் கட்டை அறுத்தார்கள். அறுக்கும்போது சிப்பிகள் உரசி மழை தொடங்குவதுபோல ஒரு சத்தம் வந்தது. அப்புறம் வரிசை வரிசையாக நடந்தார்கள். கையால் அளந்து, முறித்து, ஒவ்வொருவர் முன்னாலும் தரையில் போட்டுக்கொண்டே போனார்கள். கையில் கொடுப்பதில்லை, கும்பிடுவதில்லை, நன்றி சொல்வதில்லை. மடியில் தூங்கும் குழந்தைக்கும் ஒரு துண்டு. வழியில் போன பி.எம்.வி. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார், அவருக்கும் ஒன்று. நெருங்கிய சொந்தங்களுக்கும், முன்பு தங்கள் வீட்டுச் சாவில் இந்தக் குடும்பத்துக்கு அறுத்தவர்களுக்கும் பல பாகம்.

என் முன்னால் அரைப் பாகம் விழுந்தது. நான் எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். இது சொந்தங்களுக்கானது, எனக்கு எப்படி என்று. பக்கத்தில் இருந்தவர் என் முழங்கையை இடித்தார், எடுத்துக்கொண்டேன்.

தம்பு அறுக்கப்படாமல் போகும் ஆவி நல்ல இடம் போய்ச் சேராது என்று முன்பெல்லாம் நம்பினார்களாம். இப்போது எல்லோரும் கிறிஸ்தவர்கள், அப்படி யாரும் வெளியே சொல்வதில்லை, ஆனால் அறுக்காமல் புதைப்பவரும் இல்லை. அரை மணி நேரத்தில் பரணில் நாற்பது ஐம்பது வருடம் இருந்த சக்கரம் முடிந்துவிட்டது. மிச்சம் வெறும் பிரம்புக் கட்டு. புபுவின் விரல் ஒவ்வொன்றாகக் கோர்த்த சிப்பி ஊர் முழுக்கப் போய்விட்டது. எரிமலை வெடிப்பதற்கு முந்தைய இரவில் பானையைப் போட்டுவிட்டு இதைத் தூக்கிக்கொண்டு ஓடியது எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

போன வருடம் நான் இங்கே வந்து இரண்டாவது மாதம் ஆச்சி இறந்தார். டிக்கெட் கிடைத்துப் போய்ச் சேர நாலு நாள் ஆகும் என்றார்கள், போகவில்லை. போனில் பார்த்தேன், சிக்னல் விட்டு விட்டு வந்தது. அன்றைக்கு அழவில்லை. இன்றைக்கு அழுதேன், சத்தமாக, எல்லோரையும் போல. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

எட்டாம் நாள், சனி

சந்தைக்குப் போகவில்லை. வீட்டைப் பெருக்கினேன், துணி துவைத்தேன். அந்த அரைப் பாகத் தம்புவை ஹாலில் ஆச்சி படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். பார்க்க அழகாக இருக்கிறது, பழைய தந்தத்தின் நிறம். ஊருக்குப் போகும்போது கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துப்போகலாம் என்று நினைத்தேன்.

மாலையில் சிஸ்டா பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தவர் சுவரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "டீசா, அதை இறக்கி வை" என்றார். டீசா என்றால் டீச்சர்.

தப்பாகிவிட்டதா என்று பதறிவிட்டேன். இல்லை, தப்பில்லை, ஆனால் இது மாட்டி வைக்கிற சாமான் இல்லை என்றார். உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். இனிமேல் இந்தப் பக்கம் நீ போகிற சாவு வரும் இல்லையா, அன்றைக்கு எடுத்துப் போ. இப்போது உன் கையில் புபுவுடையது இருக்கிறது, அதை அங்கே சேர்த்துவிடு. அவர்கள் அறுக்கும்போது உனக்கு வேறு ஒன்று வரும்.

அப்படியானால் புபுவுடைய ஞாபகமாக என்னிடம் எதுவும் இருக்காதே என்றேன். நீ கோர்த்த துண்டு என்னிடம் இருக்கிறது, புபு எடுத்து வைத்திருந்தாள் என்றார் சிஸ்டா. தம்பி மகள் கல்யாணத்துக்குச் சேர்க்கும் கட்டில் அதையும் முடிந்துவிட்டாராம்.

ஒன்பதாம் நாள், ஞாயிறு

கோயில் முடிந்து பித்தா பாக்கா போர்க் கல்லறைக்குப் போனேன். ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தது. அங்கே ஜெர்மானியரின் வானொலி நிலையம் இருந்தது, 1914 செப்டம்பர் 11 அன்று அதைப் பிடிக்க வந்த ஆஸ்திரேலியர்களுக்கு முதல் உலகப் போரின் முதல் சண்டை அங்கேதான். இப்போது அதே இடத்தில் இரண்டு போர்களிலும் இறந்தவர்கள் கிடக்கிறார்கள். பெரிய மழைமரங்கள், வெட்டி நறுக்கிய புல், வரிசை வரிசையாக வெண்கலப் பெயர்த்தகடுகள்.

அந்த வரிசைகளில் நம் நாட்டுப் பெயர்கள் இருக்கின்றன, நிறைய. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 1942இல் ஜப்பானியரிடம் பிடிபட்ட இந்திய ராணுவத்தினரைக் கப்பலில் ஏற்றி இந்தத் தீவுக்குக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். பசியிலும் காய்ச்சலிலும் குண்டிலும் செத்தவர்கள் எத்தனையோ பேர். சில தகடுகளில் பெயரே இல்லை, இந்தியப் படைவீரர் என்று மட்டும். பஞ்சாபிலோ வடக்கே எங்கோ ஒரு கிராமத்திலோ இவர்களுக்காக அழுதவர்களுக்கு இந்த இடம் எங்கே இருக்கிறதென்றே தெரிந்திருக்காது.

நான் செம்பருத்தியும் அலரியும் கொண்டுபோயிருந்தேன். பெயர் தெரிந்தவர்களுக்கு வைப்பதா தெரியாதவர்களுக்கு வைப்பதா என்று முதலில் குழம்பினேன். பெயரில்லாதவர்களுக்கு ஒவ்வொரு பூ வைத்துக்கொண்டே வந்தேன், பாதி வரிசையில் பூ தீர்ந்துவிட்டது. என்னோடு வந்த சிஸ்டாவின் மகன், பதிமூன்று வயது, என்னைக் கேட்காமலே வேலியோரம் போய் ஒரு கை நிறையப் பறித்து வந்து மிச்ச வரிசையை முடித்தான். "உங்கள் வன்டோக்கா ஆன்ட்டி?" என்றான். ஆமாம் என்றேன்.

பதின்மூன்றாம் நாள், வியாழன்

நடுவில் மூன்று நாள் எழுதவில்லை, பள்ளி திறக்கப் போகிறது, தேர்வுத் தாள் வேலை.

இன்று மதியம் செய்தி வந்தது. எங்கள் பள்ளிக் காவலாளியின் மாமனார், கெரவட் போகிற சாலையில் கிராமம். சக ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து லாரி பிடித்தார்கள். நான் அரிசி வாங்கிக்கொண்டேன், சர்க்கரை வாங்கிக்கொண்டேன், வீட்டுக்கு ஓடிப்போய் மேரி ப்ளவுஸ் மாற்றிக்கொண்டு, மேசை இழுப்பறையிலிருந்து தம்புவை எடுத்து பிலும் என்கிற நூல் பின்னல் பையில் போட்டுக்கொண்டேன். தெருமுனையில் சிஸ்டா பார்த்துக்கொண்டு நின்றார், பையைத் தட்டிக் காட்டினேன், கையை உயர்த்தினார்.

அங்கேயும் அதே தார்ப்பாய், அதே பாய், அதே அடுப்புப் புகை. பெண்கள் பக்கம் இடம் விட்டார்கள். சாமான் எழுதுகிறவரிடம் அரிசியைக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டுத் தாய்மாமன் யார் என்று கேட்டு, அவர் முன்னால் போய் உட்கார்ந்து, தம்புவைத் தரையில் வைத்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். யாருடையது என்று குவானுவாவில் கேட்டார், பக்கத்தில் இருந்தவர் டோக் பிசினில் சொன்னார். புபுவின் பெயரைச் சொன்னேன்.

"ஓ," என்றார். அவருக்கு புபுவைத் தெரிந்திருந்தது, சின்ன வயதில் ஒரே மிஷன் பள்ளியாம். தம்புவை எடுத்து நெஞ்சுக்கும் நீட்டிய கைக்கும் இடையே பிடித்து அளந்தார், நுனி நாரைப் பல்லால் கடித்துப் பிரித்தார், பக்கத்தில் பாதி சுற்றியிருந்த வளையத்தின் முனையோடு முடிச்சுப் போட்டுச் சுற்றத் தொடங்கினார்.